த்ரீ பாயிண்டர் பழக எந்தக் கூடைப்பந்து வாங்கலாம்? சென்னை சிமெண்ட் கோர்ட்டுக்கு ஏற்ற தேர்வு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சென்னையில் வெட்டவெளி சிமெண்ட் கோர்ட்டில் தினமும் த்ரீ பாயிண்டர் (தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டு மூன்று புள்ளி எடுக்கும் ஷாட்) பழகுகிறவருக்கு மோல்டன் நிறுவனத்தின் பி.ஜி.2000 போன்ற ஆழமான கோடு வெட்டிய ரப்பர் பந்துதான் சரி. மரத்தரையில் மேட்ச் ஆடுகிறவர் கூடவே பி.ஜி.4500 ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை ஒருநாள்கூட சிமெண்டில் தட்டக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பி.ஜி.3800, இரண்டு தரையிலும் மாறி மாறி ஆடுகிறவருக்கும் ஒரே பந்துக்குத்தான் காசு இருக்கிறது என்பவருக்கும் பொருந்தும். விலை உயர்ந்த பந்துதான் ஷூட்டிங்குக்கு நல்லது என்று நம்பி இண்டோர் பந்தை சிமெண்ட் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. பந்தும் வீண், பழகிய கையும் வீண்.

உள்ளே புகுந்து கிட்டத்தில் லே-அப் போடுகிறவரும், கூடைக்குப் பக்கத்தில் போஸ்டில் நின்று திரும்பிப் போடும் உயரக்காரரும் பந்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துக்கொள்வார்கள். தூரம் குறைவு, போர்டும் கைகொடுக்கும். த்ரீ பாயிண்ட் ஷூட்டருக்கு அந்தச் சலுகை கிடையாது. ரிம்மின், அதாவது கூடை வளையத்தின், உள்விட்டம் 45 செ.மீ., 7ஆம் சைஸ் பந்தின் விட்டம் சுமார் 24 செ.மீ. பந்து ரிம்மைத் தொடாமல் விழ வேண்டுமென்றால் நடுவிலிருந்து இரு பக்கமும் பத்தரை செ.மீ.தான் இடம். யாரும் தடுக்காமல் போடும் ஃப்ரீ த்ரோவில் ரிம்மின் நடுப்புள்ளி சுமார் 4.2 மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கிருந்து ஏறக்குறைய 1.4 டிகிரி வரை பக்கவாட்டில் பிசகலாம். சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் த்ரீ பாயிண்ட் கோடான 6.75 மீட்டரிலிருந்து 0.9 டிகிரிக்கு மேல் பிசகினால் பந்து ரிம்மில் தட்டும். பந்து விரலை விட்டுப் பிரியும் கடைசிக் கணத்தில் ஆள்காட்டி விரல் கொஞ்சம் வழுக்கினாலும் இந்தக் கணக்கு முடிந்தது.

உயரக் கணக்கும் இருக்கிறது. பந்து 45 டிகிரியில் இறங்கினால் அதன் பார்வைக்கு ரிம் சுமார் 32 செ.மீ. அகலமாகத் தெரியும். 35 டிகிரியில் அது 26 செ.மீ.க்குச் சுருங்கிவிடும். 30 டிகிரியில் 22.5 செ.மீ., அதாவது பந்தைவிடச் சின்னது. ரிம்மில் படாமல் நேராக உள்ளே போக வழியே இல்லை. பந்தைத் தூக்கி வளைவாகப் போட வேண்டுமென்றால் விரல்நுனிக்குப் பிடி வேண்டும், பின்சுழற்சி வேண்டும். தேய்ந்த பந்தில் பழகுகிறவர் பிடி போதாமல் உள்ளங்கையால் தள்ளப் பழகிவிடுகிறார். வளைவு தட்டையாகிறது. பயிற்சியாளர் முழங்கையைத் திருத்திக்கொண்டிருப்பார், கோளாறு பந்தில் இருக்கும்.

த்ரீ பாயிண்டரையே பிழைப்பாக வைத்திருந்த ஆட்டக்காரர்களைப் பார்த்தாலும் இது புரியும். அமெரிக்க என்.பி.ஏ. லீக்கில் கிளே தாம்சன் 2016 டிசம்பரில் ஒரே ஆட்டத்தில் 29 நிமிடத்தில் 60 புள்ளி எடுத்தார். அந்த 60 புள்ளிக்கும் அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 முறை. பாஸ் வரும், பிடிப்பார், போடுவார். 2009-10 பருவத்தில் த்ரீ பாயிண்டரில் 53.6 சதவீதம் போட்ட கைல் கோர்வரும், என்.பி.ஏ. வாழ்நாள் கணக்கில் 45.4 சதவீதம் வைத்திருக்கும் ஸ்டீவ் கெர்ரும் இதே வகை. பந்து கைக்கு வந்ததும் விரல்கள் பந்தின் கோட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஸ்டீஃபன் கரி 2015-16 பருவத்தில் 402 த்ரீ பாயிண்டர் போட்டவர். தட்டிக்கொண்டே வந்து சட்டென்று எழுவது அவர் பாணி. அப்படி ஆடுகிறவருக்குப் பந்து தரையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு, ஒரே வேகத்தில் கைக்கு ஏற வேண்டும். ஆக இந்த மதிப்பீட்டில் பார்த்தவை மூன்று: கோடு எவ்வளவு ஆழம், மேல்தோலின் சொரசொரப்புப் புள்ளி எவ்வளவு நாள் தாங்கும், தரையில் பட்டு எழும் எம்பல் மாறாமல் இருக்கிறதா.

பி.ஜி.2000 முழுக்க ரப்பர். மோல்டனின் 12 பட்டை (மேல்தோல் துண்டு) வடிவம்தான் இதிலும். ஜியூஜியாரோ நிறுவனம் வரைந்த அந்த வடிவம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் களம் கண்டது. வழக்கமான 8 பட்டைப் பந்தைவிட இதில் கோடுகள் அதிகம். பந்து எப்படித் திரும்பி வந்து கையில் விழுந்தாலும் விரலுக்கு ஒரு கோடு பக்கத்திலேயே இருக்கும். பிடித்தவுடன் போடுகிறவருக்கு இது நிஜமான லாபம். இரண்டு நிறம் இருப்பதால் பின்சுழற்சி நேராக இருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும். நிறப்பட்டை அசையாமல் சுழன்றால் விரல் சரியாக விட்டிருக்கிறது. தள்ளாடினால் ஏதோ ஒரு விரல் முந்திவிட்டது. பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் தனியாகப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கண்ணாடி கிடையாது.

குறையும் உண்டு. புதுப் பந்து கையில் கடினமாக இருக்கும், ரிம்மில் பட்டால் மரத்தரைப் பந்தைவிடத் துள்ளும். முதல் இரண்டு வாரம் ரப்பரின் மேல்பூச்சு வழுக்கும். ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து சிமெண்டில் பந்தைத் தட்டிப் பழகும் டிரிப்ளிங்குக்கு மட்டும் பயன்படுத்தி, பூச்சு போன பிறகு ஷூட்டிங்குக்கு எடுப்பது நல்லது. வியர்வையை ரப்பர் உறிஞ்சாது. ஏப்ரல், மே மாதச் சாயங்காலத்தில் அரைமணி ஆடினாலே பந்து முழுக்க ஈரமாகிவிடும். இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு இல்லாமல் இந்தப் பந்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டாம்.

காஸ்கோ, நிவியா போன்ற நம் ஊர் நிறுவனங்களின் ரப்பர் பந்துகள் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கின்றன. பள்ளிக்கு ஒரே நேரத்தில் பத்துப் பந்து வாங்க வேண்டுமென்றால் இவைதான் நடைமுறை. இவற்றில் விலையைவிடக் கோட்டின் ஆழத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தைக் கோட்டில் வைத்து இழுத்தால் நகம் உட்கார வேண்டும். பெயிண்ட் அடித்தது போல் மேலோட்டமான கோடு இருக்கும் பந்து ஷூட்டருக்கு உதவாது. டிரிப்ளிங் டிரில்லுக்குக் கொடுத்துவிடலாம். டெகாத்லான் கடையின் டார்மாக் பந்துகளுக்கு ஒரு வசதி, காற்றடித்த பந்தை அங்கேயே தட்டிப் பார்த்து வாங்கலாம். தையல் போட்ட மலிவுப் பந்துகளை மட்டும் தொடவே வேண்டாம். சிமெண்டில் நூல் முதலில் அறுபடும், பிறகு பந்து ஒரு பக்கம் புடைக்கும்.

பி.ஜி.3800 செயற்கைத் தோல். ஃபிபா அங்கீகாரம் உண்டு. உள்ளேயும் வெளியேயும் ஆடலாம் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. கைக்கு மென்மை, வியர்வையிலும் ரப்பரைவிடப் பிடி நிற்கும். ஆனால் "வெளியே ஆடலாம்" என்பதைச் சென்னைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மழமழவென்று பெயிண்ட் அடித்த சிந்தெடிக் தரை என்றால் சரி. நம் மாநகராட்சி மைதானங்களிலும் பள்ளிகளிலும் இருப்பது பெரும்பாலும் பூச்சு பெயர்ந்து மணல் எட்டிப் பார்க்கும் சிமெண்ட். அது உப்புத்தாள் போல. முதலில் தேய்வது பட்டையின் நடுப்பகுதிப் புள்ளிகள். அங்கேதான் பந்து அதிகம் தரையில் படும். அது வழவழப்பான பிறகும் கோட்டுப் பக்கம் சொரசொரப்பாகவே இருக்கும். ஒரே பந்தில் இரண்டு விதப் பிடி. ஷூட்டருக்கு முழுசாகத் தேய்ந்த பந்தைவிட இந்தப் பாதி தேய்ந்த பந்துதான் ஆபத்து. எதனால் தவறுகிறது என்றே தெரியாது.

பி.ஜி.4500 கையில் எடுத்தவுடனே வித்தியாசம் தெரியும் பந்து. உயர்ரகச் செயற்கைத் தோல், விரலுக்கு அடியில் மெத்தென்று இருக்கும், ரிம்மில் பட்டாலும் அடங்கி விழும். இதற்கு மேலே பி.ஜி.5000, நிஜத் தோல், பெரிய சர்வதேசப் போட்டிகளின் பந்து. தனியாள் வாங்க அவசியமில்லை. தோல் பந்து பழகி மெருகேற நாளாகும், சென்னை ஈரப்பதத்தில் வியர்வையைக் குடித்துக் கனத்துப்போகும். வில்சன் எவல்யூஷன் பந்தை அமெரிக்கப் பள்ளி ஆட்டக்காரர்கள் கொண்டாடுவதைப் பார்த்து இங்கே தருவித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஷூட்டிங்குக்கு அருமையான பந்துதான், ஆனால் முழுக்க முழுக்க இண்டோர் பந்து. தவிர 8 பட்டை. மேட்ச் மோல்டனில் என்றால் கோடு மாறும், கைப்பழக்கம் குழம்பும்.

மேல்தோல் மாறினால் கை குழம்பும் என்பதை உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களே காட்டியிருக்கிறார்கள். 2006-07 பருவத் தொடக்கத்தில் என்.பி.ஏ. தோல் பந்தை விட்டு ஸ்பால்டிங்கின் செயற்கை இழைப் பந்துக்கு மாறியது. ஈரமானால் பிடி போகிறது, விரல்நுனி கீறுகிறது என்று ஆட்டக்காரர்கள் விடாமல் முறையிட்டார்கள். 2007 ஜனவரி 1 அன்று பழைய தோல் பந்தே திரும்பி வந்தது. ஏ.சி. அரங்கில் ஆடுகிறவர்களுக்கே அப்படியென்றால், பெசன்ட் நகர் கடற்காற்றில் ஆடுகிறவருக்குச் சொல்லவே வேண்டாம். உங்கள் லீக் எந்தப் பந்தில் நடக்கிறதோ அதே பட்டை எண்ணிக்கையில், அதே எடையில் பயிற்சிப் பந்தையும் வாங்குங்கள்.

சைஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. பெண்கள் ஆட்டத்துக்கு 6ஆம் சைஸ்: சுற்றளவு 71.5 முதல் 73 செ.மீ., எடை 510 முதல் 550 கிராம். ஆண்களுக்கு 7ஆம் சைஸ்: 75 முதல் 77 செ.மீ., 580 முதல் 620 கிராம். த்ரீ பாயிண்ட் கோடு இருவருக்கும் அதே 6.75 மீட்டர்தான். பள்ளியில் இருப்பது 7ஆம் சைஸ் மட்டும் என்பதற்காகப் பெண் பிள்ளைகளை அதிலேயே த்ரீ பாயிண்டர் பழகச் சொல்வது அநியாயம். கனம் தாங்காமல் பந்தை இடுப்பிலிருந்து வீசப் பழகுவார்கள், மேட்சில் லேசான பந்து ரிம்மைத் தாண்டிப் போகும். பள்ளி நிர்வாகம் இரண்டு பந்து 6ஆம் சைஸில் வாங்கினாலே இந்தக் குறை தீரும்.

கடையில் சோதிப்பது ஐந்து நிமிட வேலை. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியத்தை ஒட்டிய விளையாட்டுச் சாமான் கடைகள் என்றாலும் மால் என்றாலும், காற்று இறங்கிய பந்தை அப்படியே பையில் போட்டு வாங்கி வராதீர்கள். காற்றடிக்கச் சொல்லுங்கள். வால்வு ஓரத்தில் எத்தனை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 7 முதல் 9க்குள். தையற்காரர் டேப்பால் சுற்றளவை இரண்டு திசையில் அளந்து பாருங்கள், அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறு பந்து கேளுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று கையோடு இருந்தால் எடையும் பார்த்துவிடலாம். போலிப் பந்து பெரும்பாலும் எடையில்தான் மாட்டிக்கொள்ளும். பிறகு வால்வு பக்கவாட்டில் இருக்கும்படி பிடித்துப் பின்சுழற்சியோடு நேரே மேலே தூக்கிப் போடுங்கள். வால்வு ஒரே வட்டத்தில் சுழன்றால் எடை சமமாகப் பரவியிருக்கிறது. முட்டை போலத் தள்ளாடினால் உள்ளே காற்றுப்பையான பிளாடரோ நூல்சுற்றோ ஒரு பக்கம் கூடிவிட்டது. அந்தப் பந்தில் நேராகப் போட்டாலும் நேராகப் போகாது.

கடைசியாக எம்பல். பந்தின் அடிப்பக்கம் 1.8 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பிடித்து விடுங்கள், தள்ளக் கூடாது. திரும்பி எழும்போது பந்தின் மேல்பக்கம் 1.2 முதல் 1.4 மீட்டருக்குள் வர வேண்டும். கோர்ட் கம்பத்தில் இந்த மூன்று உயரத்துக்கும் பெயிண்டால் கோடு போட்டுவிட்டால் தினமும் ஆடும் முன் பத்து நொடியில் பார்த்துக்கொள்ளலாம், காற்றழுத்தம் பார்க்கும் கேஜ் இல்லாத குறை தெரியாது.

காற்று விஷயத்தில் சென்னை வெயிலைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். 24 டிகிரி ஏ.சி. அறையில் 8 பி.எஸ்.ஐ. அடித்த பந்து, 36 டிகிரி கோர்ட்டில் சூடேறியதும் ஏறக்குறைய 9ஐத் தொட்டுவிடும். அதனால் கோர்ட்டில் நிழலில் பத்து நிமிடம் வைத்த பிறகே காற்றைச் சரிபாருங்கள். காற்று கூடினால் ரிம்மில் பட்டதெல்லாம் வெளியே தெறிக்கும், பாஸ் கையில் நிற்காது. குறைந்தால் அதைவிடப் பெரிய ஏமாற்று ஒன்று நடக்கும்: பந்து ரிம்மில் பட்டு அப்படியே செத்து உருண்டு உள்ளே விழும். பத்துக்கு ஆறு போடுகிறேன் என்று பையன் நினைத்துக்கொண்டிருப்பான். மேட்ச் பந்தில் அது நாலாகிவிடும். ஊசியை எச்சிலிலோ தண்ணீரிலோ நனைத்து நேராகக் குத்த வேண்டும். காய்ந்த ஊசியைக் கோணலாகக் குத்தினால் வால்வு ரப்பர் கிழியும், சில சமயம் பிளாடரே ஓட்டையாகும். சைக்கிள் கடை கம்ப்ரெஸரில் கொடுக்கவே வேண்டாம். இரண்டு நொடியில் அளவு மீறிவிடும், உள்ளே சுற்றியிருக்கும் நைலான் நூல் பிரியும், அடுத்த நாள் பந்தில் எலுமிச்சம்பழம் அளவு புடைப்பு. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் பந்தை விட்டாலும் இதே கதிதான். புடைத்த பந்துக்கு வைத்தியம் கிடையாது.

தூசிக்கு ஈரத்துணி போதும். ஆட்டம் முடிந்ததும் துடைத்து, நிழலில் காயவைத்து, காற்றுப் புகும் வலைப்பையில் தொங்கவிடுங்கள். ரப்பர் பந்தை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் கழுவலாம், பிளாஸ்டிக் பிரஷால் கோட்டுக்குள் இருக்கும் மண்ணை எடுக்கலாம். செயற்கைத் தோல் பந்துக்குப் பிழிந்த துணி மட்டும், சோப்பு வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கோர்ட் ஓரளவு காய்ந்தாலும் குழிகளில் தண்ணீர் நிற்கும். அங்கே பட்ட செயற்கைத் தோல் பந்தில் கோட்டோரப் பசை விட ஆரம்பிக்கும். பட்டையின் ஓரம் நகத்தில் சிக்குகிற அளவுக்குத் தூக்கினால் அது மெல்ல உரியப் போகிறது என்று அர்த்தம். அந்த மூன்று மாதமும் ரப்பர்தான்.

பந்துக்குக் கொடுக்கும் காசில் கொஞ்சத்தை ஒரு நைலான் வலைக்கும் அளவு டேப்புக்கும் ஒதுக்குங்கள். வலை இல்லாத ரிம்மில் பந்து உள்ளே போனதா பின்னால் போனதா என்றே தெரியாது, போட்ட பந்து சாலை வரை ஓடும். டேப் எதற்கென்றால், ஃபிபா 2010இல்தான் 6.25இலிருந்து 6.75 மீட்டருக்குக் கோட்டை நகர்த்தியது. பழைய பெயிண்டையே திரும்பத் திரும்பத் தீட்டும் கோர்ட்டில் அரை மீட்டர் குறைவாகவே பழகிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. கூடைக்குப் பின்னால் இருக்கும் எண்ட் லைனின் உள்விளிம்பிலிருந்து 1.575 மீட்டர் உள்ளே, ரிம்முக்கு நேர் கீழே ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து வளைவின் வெளிவிளிம்பு வரை 6.75 வர வேண்டும். கார்னரில் த்ரீ பாயிண்ட் கோடு பக்கக் கோட்டிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது? பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் சுழற்றுங்கள். கோடு எங்கே என்று விரல் தயங்கினால் அந்தப் பந்து த்ரீ பாயிண்டருக்கு முடிந்தது. தூக்கி எறிய வேண்டாம். டிரிப்ளிங்குக்கும் சுவரில் அடித்துப் பாஸ் பழகவும் இன்னும் ஒரு வருடம் வரும். மேலே 'டி' என்று மார்க்கரில் பெரிதாக எழுதிவிடுங்கள், ஷூட்டிங் வரிசையில் தவறிக்கூட வந்துவிடாது.